நடந்து போனவருக்கும் அந்த பாலிசியில் பங்கு உண்டு

சேலத்தில் குகைப் பகுதியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு ரோட்டோரமாக நடந்து போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 34. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. கடை வாசலில் நின்ற சின்னச் சரக்கு வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து அவரை இடித்துக் கீழே தள்ளுகிறது. நாலு பேர் தூக்கி டீக்கடை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். ஒருவர் சோடா வாங்கி வருகிறார். டிரைவருக்கு இருபது வயதுகூட இருக்காது. கை நடுங்க, "அக்கா, நான் பார்க்கவில்லை" என்கிறான். கால் மணி நேரத்தில் வண்டி உரிமையாளர் வந்து, ஐந்தாயிரம் ரூபாயை எண்ணிக் கையில் வைக்கிறார். யாரோ ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, 'எனக்கு யார் மீதும் புகார் இல்லை' என்று எழுதி நீட்டுகிறார்கள். பாக்கியம் கையெழுத்துப் போடுகிறார். கூட்டம் கலைகிறது. எல்லோருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

மறுநாள் முழங்கால் வீங்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு. சம்மணமிட்டு உட்கார்ந்தால்தான் அவருடைய வேலை நடக்கும். இனி அவரால் அப்படி உட்கார முடியாது.

இந்தக் காட்சியில் கெட்டவர் என்று யாரும் இல்லை. பையன் மீது இரக்கம், உரிமையாளர் கொடுத்த பணம், ஊராரின் சமாதானம் எல்லாமே உண்மைதான். ஆனால் அங்கே கூடியிருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்த காப்பீட்டுத் தாள் யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அந்த பாலிசி யாருக்காக?

'இன்சூரன்ஸ்' என்றதும் நம் நினைவுக்கு வருவது வண்டிக்காரருக்குக் கிடைக்கும் பணம். வண்டி நசுங்கினால் சரிசெய்ய, திருட்டுப் போனால் ஈடுகட்ட. அப்படி ஒரு காப்பீடு உண்டு. அது அவரவர் விருப்பம். சட்டம் கட்டாயப்படுத்துவது இன்னொன்றை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 146-வது பிரிவு சொல்வது இதுதான்: மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது.

மூன்றாம் தரப்பு என்றால் யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள் இரண்டு பேர்: வண்டி உரிமையாளர் ஒருவர், காப்பீட்டு நிறுவனம் மற்றொருவர். அந்த வண்டியால் அடிபடக்கூடிய, அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத வெளியார்தான் மூன்றாம் தரப்பு. ரோட்டில் நடப்பவர் அதற்கு மிகச் சுத்தமான உதாரணம். உரிமையாளர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவது பாக்கியத்துக்காக. அவருக்குத் தெரியாமலே பாக்கியம் அந்த பாலிசியில் பங்குதாரர்.

ஆகவே இழப்பீடு கேட்பது அந்தப் பையனின் வயிற்றில் அடிப்பதாகாது. முறையான காப்பீடு இருந்தால், பணம் பெரும்பாலும் நிறுவனத்திலிருந்து வருகிறது. பையனின் சம்பளத்திலிருந்தோ உரிமையாளரின் பீரோவிலிருந்தோ அல்ல. 'பாவம், ஏழைப் பையன்' என்று நினைத்துத் தன் உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்கள் மிச்சப்படுத்திக் கொடுத்தது பையனுக்கு அல்ல, நிறுவனத்துக்கு. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே டீக்கடை பெஞ்சுப் பஞ்சாயத்துகளில் பாதி நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லைசென்ஸ் இல்லை என்றால்?

"டிரைவருக்கு லைசென்ஸே கிடையாது, இன்சூரன்ஸ் கிடைக்காது, பேசாமல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்." இதுவும் அடிக்கடி கேட்கும் பேச்சு. பட்டறையிலிருந்தே இதற்கு விளக்கம் சொல்லலாம்.

ஒரு வியாபாரி கொலுசு செய்ய வெள்ளிக்கட்டி கொடுக்கிறார். திரும்பி வந்த கொலுசில் எடை குறைகிறது. தவறு பட்டறைத் தொழிலாளியுடையதாக இருக்கலாம். ஆனால் வியாபாரி தொழிலாளியைத் தேடிக்கொண்டு பனங்காடு பகுதிக்குப் போவதில்லை, பட்டறைக்காரரிடம் கேட்கிறார். பட்டறைக்காரர் முதலில் குறைவை ஈடுகட்டிவிட்டு, பிறகு தன் ஆளிடம் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார். அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் வியாபாரிக்கு வேலையில்லை.

விபத்து வழக்கில் இதற்கு 'கொடுத்துவிட்டு வசூலித்துக்கொள்' முறை என்று பெயர் சொல்லலாம். பாலிசி நடப்பில் இருந்து, உரிமையாளர் அதன் நிபந்தனையை மீறியிருந்தால், தகுந்த லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்டது போன்ற மீறல்களில், காப்பீட்டு நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். உச்ச நீதிமன்றம் 2004-இல் சுவரண் சிங் வழக்கில் இதை விரிவாகப் பேசியது. லைசென்ஸ் இல்லை என்பது நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலுள்ள தகராறு.

பாலிசியே இல்லாத வண்டி என்றால் நிலைமை வேறு, கடினமும்கூட. அப்போது உரிமையாளர் தன் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பாயத்தின் சான்றிதழை வைத்து, மாவட்ட ஆட்சியர் நிலவரி பாக்கியை வசூலிப்பதைப் போல அதை வசூலிக்கலாம். அரசு பஸ்கள் இன்னொரு ரகம். போக்குவரத்துக் கழகங்கள் வெளியில் பாலிசி எடுக்காமல் தங்கள் நிதியிலிருந்தே கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு கட்டாததால் பஸ்ஸை ஜப்தி செய்தார்கள் என்று நாளிதழில் அவ்வப்போது படம் வருவது இதனால்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கட்டாயக் காப்பீடு வெளியாருக்கானது, நடந்து போனவர் அந்த வெளியார், ஓட்டியவரின் லைசென்ஸ் குறை அவருடைய உரிமையை அழித்துவிடாது.

ஒரே விபத்து, இரண்டு வழக்குகள்

அடுத்த குழப்பம் போலீஸ் வழக்கு. 'கேஸ் போட்டால் பையன் ஜெயிலுக்குப் போவான்' என்ற பயம் ஒரு பக்கம். 'டிரைவருக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் வரும்' என்ற நம்பிக்கை மறு பக்கம். இரண்டு வழக்குகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது இது.

முதலாவது குற்ற வழக்கு. அரசு டிரைவர் மீது நடத்துவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கு 281, காயம் ஏற்படுத்தியதற்கு 125, உயிரிழப்பு நேர்ந்தால் 106 ஆகிய பிரிவுகள் வரும். இதில் பாக்கியம் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

இரண்டாவது இழப்பீட்டு மனு. இது பாக்கியம் போடுவது. உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். நடக்குமிடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், அதாவது விபத்து இழப்பீட்டைத் தீர்மானிப்பதற்கென்றே அமைந்த நீதிமன்றம். கோர்ட் வளாகத்தில் இதை 'எம்.சி.ஓ.பி. கேஸ்' என்பார்கள்.

இரண்டுக்கும் சாட்சியத்தை எடைபோடும் விதமே வேறு. குற்ற வழக்கு உரைகல்லைப் போன்றது. உரசிப் பார்த்து, கலப்படம் என்ற சந்தேகம் நியாயமாக எழுந்தாலே குற்றம்சாட்டப்பட்டவரை விட்டுவிட வேண்டும். இழப்பீட்டு மனு தராசைப் போன்றது. எந்தத் தட்டு சற்றே அதிகம் தாழ்கிறது என்று பார்த்தால் போதும். ஆகவே, டிரைவர் குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டார் என்பதால் மட்டும் பாக்கியத்தின் மனு தள்ளுபடியாகிவிடாது.

ஆனாலும் போலீஸ் பதிவு வேண்டும். இழப்பீட்டு மனு நிற்பது பெரும்பாலும் அந்தப் பதிவின் மீதுதான். நிலையத்தில் மனுவைப் பெற்றுக்கொண்டு தரும் சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிக் காத்திருப்பவர்கள் உண்டு. எண் போட்ட முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும்.

சிகிச்சை அறையில் சொல்லும் முதல் வாக்கியம்

சட்டப் பிரிவுகளைவிட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். பல மனுக்கள் தோற்பது தீர்ப்பாயத்தில் அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில், முதல் ஐந்து நிமிடத்தில்.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் பணியிலிருக்கும் மருத்துவர் ஒரு கேள்வி கேட்பார்: "எப்படி அடிபட்டது?" நீங்கள் சொல்லும் பதில் விபத்துப் பதிவேட்டில் ஏறும். அதன் நகலைத்தான் 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். கூடவே வந்த வண்டிக்காரர் கெஞ்சியிருப்பார்: "போலீஸ் கேஸ் ஆகிவிடும், வழுக்கி விழுந்ததாகச் சொல்லுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்." வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். 'கீழே விழுந்ததால் காயம்' என்று பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து வண்டிக்காரரின் போன் எடுக்கப்படாமல் போகும்போது, உண்மையைச் சொன்னாலும் அந்த ஒரு வரி எதிரே நிற்கும். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போலி விபத்து வழக்குகளும் நாட்டில் நடக்கின்றன.

எனவே எந்த ரோடு, எத்தனை மணி, என்ன வண்டி, தெரிந்தால் என்ன எண் என்பதை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். அடிபட்டவர் பேசும் நிலையில் இல்லையென்றால், கூட வந்தவர் சொல்ல வேண்டும்.

கூட வருவதற்கே பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல், குற்றவியல் வழக்கு எதுவும் பாயாது என்கிறது. பெயர், முகவரி கொடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. டிரைவரின் கடமையோ நேர் எதிரானது: கூட்டத்தின் ஆத்திரம் போன்ற தன்னை மீறிய காரணம் இல்லாத பட்சத்தில், அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க அவர் ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும்.

சிகிச்சைச் செலவைப் பற்றிய பயமும் ஓரளவு குறையலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்த திட்டத்தில், விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை ஒருவருக்கு ரூ.1,50,000 வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. இவை சிகிச்சைக்கானவை, இழப்பீட்டுக்கு மாற்று அல்ல.

பிறகு ஒரு துணிப்பை வேண்டும். கேலியல்ல. ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து ரசீதுகள், ஆட்டோவுக்குக் கொடுத்த கூலியின் குறிப்பு, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு, பட்டறையில் கூலி வாங்கிய நோட்டு எல்லாம் அதற்குள் போக வேண்டும். மருந்துக்கடையில் ரசீது வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்தை அந்தச் சில மாதங்களுக்காவது விட்டுவிடலாம்.

'நடந்தவர் மீதும்தான் தப்பு'

ஐந்து ரோடு மேம்பாலத்துக்குக் கீழே எதிர்ப்பக்கம் போக நினைத்தவர்களுக்குத் தெரியும், நடப்பவருக்கு நம் ஊர் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று. நடைபாதை இருக்கும் இடத்தில் வண்டி நிற்கும். வண்டி நிற்காத இடத்தில் கடை நிற்கும். கீழே இறங்கி நடந்து அடிபட்டால், "ரோட்டில் ஏன் நடந்தாய்?" என்பார்கள்.

சட்டம் அப்படி ஒரேயடியாகப் பேசுவதில்லை. அடிபட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணமாக இருந்தால் அதைப் 'பங்களிப்பு அஜாக்கிரதை' என்பார்கள். அதற்குப் பலன், மனு தள்ளுபடி அல்ல, தொகையில் கழிவு. நடந்தவர் மீது கால் பங்கு தவறு என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், மொத்தத்தில் கால் பங்கு குறையும், முக்கால் பங்கு வரும். அதுவும் எதிர்த் தரப்பு வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாது. சாட்சியம் காட்ட வேண்டும். சாலையைக் குறுக்கே கடந்தார் என்பது மட்டுமே அஜாக்கிரதை ஆகிவிடாது. எங்கே கடந்தார், வண்டி என்ன வேகத்தில் வந்தது, டிரைவருக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்திருக்கும் என்பதெல்லாம் கேள்விக்கு வரும்.

கோடு போட்ட கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை; வண்டிதான் நிற்க வேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையில்லாத நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. செவ்வாய்ப்பேட்டை நடைபாதைக்கு அந்தச் செய்தி வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ.

ஏற்காடு மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர்களிலும் எஸ்டேட்டுகளிலும் காபி பறிக்கப் போகிறவர்கள் நடப்பது அதே தார் ரோட்டின் ஓரத்தில்தான்; நடப்பதற்கென்று வேறு பாதை கிடையாது. வேறு வழியில்லாத இடத்தில் ரோட்டோரம் நடந்ததைக் குற்றமாக்க முடியாது. பனி இறங்கிய காலையில், வளைவில், சுற்றுலா வண்டி ஒன்று எதிர்ச்சாரிக்குப் போய் ஒருவரை இடித்தால், பனியைக் காரணம் சொல்லித் தப்புவதும் எளிதல்ல. பனி இருந்தது என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டியது ஓட்டியவர்.

தொகை எங்கிருந்து வருகிறது?

'காலுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு' என்று ரேட் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மட்டும் ரேட்டைப் போன்றது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு நிலைத்தொகை வழி. யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். உயிரிழப்புக்கு ரூ.5,00,000; கொடுங்காயத்துக்கு ரூ.2,50,000. கொடுங்காயம் என்பது எலும்பு முறிவு, பல் விழுதல், பார்வை இழப்பு போன்ற கடுமையான காயங்களுக்குச் சட்டம் வைத்த பெயர். சீக்கிரம் முடியும். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் மற்ற வழி மூடிவிடும்.

மற்ற வழி 166-வது பிரிவு. இதில் வண்டி ஓட்டியவரின் தவறைக் காட்ட வேண்டும். உச்ச வரம்பு கிடையாது. உண்மையில் இழந்தது எவ்வளவோ அவ்வளவு. பாக்கியத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாதக் கூலி ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குட்பட்ட, நிரந்தரச் சம்பளம் இல்லாத ஒருவருக்கு வருங்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. சேர்த்தால் ரூ.16,800. ஆண்டுக்கு ரூ.2,01,600. இதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். வயதைப் பொறுத்த அந்த எண்ணை 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு பட்டியலிட்டது. 31 முதல் 35 வயது வரை 16. பெருக்கினால் ரூ.32,25,600. இது சம்பாதிக்கும் திறன் முழுவதும் போயிருந்தால் வரும் தொகை. பாக்கியத்துக்குப் போனது 30 சதவீதம் என்று முடிவானால், ரூ.9,67,680.

இந்த 30 என்ற எண்ணில்தான் சண்டையே. மருத்துவச் சான்றிதழ் சொல்வது உடல் ஊனத்தின் அளவு. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது தொழில் ஊனம், அதாவது அந்தக் காயத்தால் அவருடைய பிழைப்பு எவ்வளவு குறைந்தது என்பது. இரண்டும் ஒன்றல்ல என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கு தெளிவாக்கியது. மடங்காத முழங்கால், மேசை வேலைக்காரருக்குச் சிரமம். தரையில் உட்கார்ந்து பற்றவைப்பவருக்கும், சரிவில் ஏறிக் காபி பறிப்பவருக்கும் பிழைப்பே போனதற்குச் சமம். ஆகவே மருத்துவரின் சதவீதத்தோடு நிறுத்திவிடாமல், தன் வேலை எப்படி நடக்கும், எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்று சாட்சிக் கூண்டில் விளக்கிச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரரே வந்து சொன்னால் இன்னும் நல்லது.

இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுத்திருந்த நாட்களின் கூலி, கவனித்துக்கொண்டவரின் செலவு, போக்குவரத்து, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை தனித்தனியே வரும். வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்ணுக்கு 'வருமானம் இல்லை' என்று கைவிரிக்கவும் முடியாது. அவருடைய உழைப்புக்கும் நீதிமன்றங்கள் மதிப்புப் போடுகின்றன.

டீக்கடை பெஞ்சில் கைமாறியது ஐந்தாயிரம்.

வண்டி எண் தெரியவில்லை என்றால்

சீலநாயக்கன்பட்டி பைபாஸில் இரவில் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி. போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. 'யார் மீது கேஸ் போடுவது?' என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். 161-வது பிரிவில், அடையாளம் தெரியாத வண்டியால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ரூ.2,00,000, கொடுங்காயம் பட்டவருக்கு ரூ.50,000 உண்டு. இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் மனு கொடுக்க வேண்டும்; அனுமதிப்பவர் மாவட்ட ஆட்சியர். தொகை சிறியதுதான். பின்னால் வண்டி கிடைத்துவிட்டால் வழக்கமான வழியில் கேட்கலாம். வாங்கிய தொகை அதில் கழியும்.

எங்கே, எப்போது, யார் மூலம்

விபத்து நடந்த இடம், அடிபட்டவர் வசிக்கும் இடம், எதிர்த் தரப்பு இருக்கும் இடம் என எதை வைத்தும் மனுப் போடலாம். பெங்களூரு வண்டி ஏற்காட்டில் இடித்தாலும் ஏற்காட்டுக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டாம். சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகம் போதும். போலீசாருக்கும் இதில் வேலை உண்டு. 2022 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் அடிபட்டவரின் உரிமைகள் அச்சிட்ட படிவத்தை அவரிடம் தர வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. அந்தப் படிவம் உங்களுக்கு வரவில்லையென்றால் பெயர் சொல்லியே கேளுங்கள்.

மருத்துவமனை வாசலிலேயே வந்து நின்று 'கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன், வருவதில் இத்தனை சதவீதம்' என்று பேசுகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர் தொழில் நெறிக்கே புறம்பானது. அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அங்கே வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் எல்லோரும், பாக்கியமும், இதற்குத் தகுதியானவர்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசி முடிப்பதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

இனி காலக்கெடு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் உள்ளன. அவற்றை நம்பி ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

பாக்கியம் கையெழுத்துப் போட்ட அந்த வெள்ளைத் தாள் என்னாகும்? எதிர்த் தரப்பு அதை எடுத்து நீட்டும். எலும்பு முறிந்தது தெரியாமல், மருத்துவரைப் பார்க்கும் முன்பே, டீக்கடை பெஞ்சில் வாங்கிய கையெழுத்து என்று பாக்கியம் சொல்ல வேண்டியிருக்கும். எக்ஸ்ரே தேதி அவருக்குச் சாட்சி சொல்லும். வாங்கிய ஐந்தாயிரத்தை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது. தை பிறந்து ஐந்தாம் நாள் வண்டி இடித்தது என்றால், கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஊர் தயாராவதற்கு முன்பே, ஆனி முடிவதற்குள், அந்த மனு அஸ்தம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.